கரி, செங்காவி, வெள்ளை சாக்: மூன்றும் சேர்ந்தால் ஏன் சேறாகிறது?

கேள்வி:
வணக்கம். பென்சிலில் மனித உருவம் ஓரளவு வருகிறது. இப்போது சாம்பல் நிறத் தாளில் கரி, சாங்குயின் என்ற செங்காவிச் சாக், வெள்ளை சாக் மூன்றையும் வைத்துப் பழகுகிறேன். வெள்ளை தீட்டிய இடமெல்லாம் நீலம் பாய்ந்த சாம்பலாகிவிடுகிறது. சாங்குயின் கோடு தப்பினால் அழிவதில்லை, கறை நிற்கிறது. நிற்கும் உருவத்தில் கால்கள் குட்டையாகவே முடிகின்றன. எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில்?

பதில் 1:
வெள்ளையும் கரியும் ஒன்றை ஒன்று தொடவே கூடாது. இரண்டும் கலந்தால் குளிர்ந்த சாம்பல்தான் வரும், தோலின் வெதுவெதுப்பு செத்துவிடும். உங்கள் தாளே நடுத்தர ஒளி. நிழலைக் கரியும் செங்காவியும் பார்த்துக்கொள்ளும், நேரடி வெளிச்சத்தை வெள்ளை பார்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே வெறும் தாள் ஒரு பட்டையாகத் தெரியவேண்டும். நெற்றி, தோள்முனை, காறை எலும்பு, முழங்கால் என்று ஒளி நேராக விழும் மேடுகளில் மட்டும் வெள்ளை. உடம்பு முழுக்க வெள்ளை வைக்கத் தோன்றினால் தாள் தேவைக்கு மேல் இருட்டு என்று பொருள். ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டுக் கை நீட்டிப் பாருங்கள். பளிச்சென்று தெரியவில்லையென்றால் தாள் வெளிறியது.

வெள்ளை எப்போதும் கடைசி. பிக்சேட்டிவ் (தூள் உதிராமல் தாளில் பிடித்துவைக்கும் தெளிப்பு) அடிப்பதாக இருந்தால் அதற்கு முன்பே அடித்துவிடுங்கள். வெள்ளை சாக் மேல் பட்டால் அது மங்கிப்போகும்.

பதில் 2:
கால் குட்டையாவது அளவு தவறு. தலையை வசதியான பெரிய அளவில் தொடங்கி, கீழே இடம் போதாமல் கால்களை நெருக்குகிறீர்கள். முதலில் உச்சிக்கும் பாதத்துக்கும் இரண்டு கோடு, பிறகு நடுவில் ஒன்று. நிற்கும் பெரியவருக்கு அந்த நடு ஏறக்குறைய இடுப்புக்குக் கீழே, கால்கள் பிரியும் இடத்தில் விழும். அங்கிருந்து உள்ளங்காலுக்குப் பாதி தூரத்தில் முழங்கால். மொத்த உயரம் சுமார் ஏழு, ஏழரைத் தலை. மேசையில் தாளைப் படுக்கவைத்து வரைகிறீர்களா? அப்போது தாளின் மேல்பகுதி கண்ணுக்குச் சுருங்கித் தெரியும், கை அதை ஈடுகட்டி மேலுடம்பை நீட்டிவிடும். பலகையைப் பார்வைக்கு நேராக நிமிர்த்துங்கள்.

ஒரு காலில் எடை போட்டு நிற்பவருக்குக் கழுத்துக் குழியிலிருந்து தூக்குநூல் விடுங்கள். அது எடை தாங்கும் பாதத்தருகே விழவேண்டும். அந்தப் பக்கம் இடுப்பு ஏறியிருக்கும், தோள் பெரும்பாலும் இறங்கியிருக்கும். இது சரியாகாமல் நிழல் தீட்ட ஆரம்பித்தால் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் உருவம் சாய்ந்தே நிற்கும்.

பதில் 3:
சாங்குயினின் சிவப்பு இரும்பு ஆக்சைடு, நம் செங்காவியின் நிறம்தான். நுண்ணிய தூள் தாளின் இழைக்குள் இறங்கிவிடும். சாதாரண ரப்பரால் தேய்த்தால் இன்னும் உள்ளே போகும். பிசைந்து பயன்படுத்தும் ரப்பரை ஒற்றி எடுங்கள். அப்போதும் மெல்லிய சாயல் நிற்கும். ஆகவே அளவு, சாய்வு எல்லாவற்றையும் வில்லோ கரியில் (வில்லோ மரக் குச்சியைச் சுட்டெடுத்த மென்மையான கரி) முடிக்கவேண்டும். துணியால் தட்டினால் அது மங்கலான தடமாகிவிடும், அதன்மேல் செங்காவி. மெழுகு கலந்த பென்சில் வகை அழியவே அழியாது, குச்சி வகை வாங்குங்கள். பிளேடால் சீவி உப்புத்தாளில் கூராக்கலாம். அழுத்திச் செய்த கரியும் லேசில் அழியாது. கண்ணிமை, மூக்குத்துளை, அக்குள் மடிப்பு என்று நாலைந்து இடத்துக்குக் கடைசியில் போதும்.

முதல் சில வாரம் செங்காவி ஒன்றே போதும் என்பது என் கருத்து. 1510–11 வாக்கில் மைக்கலாஞ்சலோ, சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் உள்ள லிபியச் சிபில் என்ற குறிசொல்லும் பெண் உருவத்துக்காகச் செய்த பயிற்சி ஓவியத்தைப் பாருங்கள், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகுத் தசை முழுவதும் பெரும்பாலும் சிவப்புச் சாக்கிலேயே திரண்டு நிற்கிறது. மூன்று நிறத்துக்கு வரும்போது பிரெஞ்சு ஓவியர் வாட்டோவைப் பாருங்கள். தோலுக்குச் சிவப்பு, முடிக்கும் துணிக்கும் கறுப்பு என்று பிரித்துக்கொள்வார்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மேசையில்தான் வரைகிறேன்! தாளின் எந்தப் பக்கம் நல்லது?

பதில் 3:
தேன்கூடு போல மேடுபள்ளம் உள்ள பக்கத்தைத் தவிருங்கள். முகம், விரல் போன்ற சின்ன இடங்களில் அந்தப் புள்ளிகள் துருத்தித் தெரியும். வழவழப்பான பக்கத்தில், 40 × 60 செ.மீ. அளவில், அடியில் இன்னும் நாலைந்து தாள் வைத்து வரையுங்கள். பலகையின் இழை கோட்டில் பதியாது.