புதுப்பிப்பு: 95 வீத ஸ்பிரிட் இல்லாமலே தோடம்பழ லிக்கர்

தோடம்பழத் தோலை ஊறவைத்து லிக்கர் (இனிப்பு மதுபானம்) போட, குடிக்கத்தக்க 95 வீத ஸ்பிரிட் (மதுசாரம்) மட்டக்களப்பில் எங்கே எடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ஸ்பிரிட் கிடைக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. "40 வீத வொட்காவே போதும், சீனிப் பாணியைக் குறையுங்கள்" என்ற யோசனைதான் சரிவந்தது.

750 மி.லீ. வொட்காவுக்கு 6 பிபிலைத் தோடம்பழத்தின் மேல்தோல். மெல்லிசாகச் சீவ வேண்டும், வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். கண்ணாடிப் போத்தலில் இருட்டில் 3 கிழமை வைத்து, தோல் வெளிறியதும் வடித்தேன். 200 கிராம் சீனியை 100 மி.லீ. தண்ணீரில் கரையும்வரை சூடாக்கி, நன்றாக ஆறிய பிறகே ஊற்றினேன். கணக்குப்படி மதுசாரம் சுமார் 31 வீதம் நிற்கும். 95 வீதத்துக்கு எழுதிய குறிப்பை நம்பிச் சம அளவு பாணி ஊற்றிய முந்தைய போத்தல் 20 வீதத்துக்கு இறங்கி, பிறீசரில் கூழாகிப் போனது.

எதிர்பாராத ஒன்று: பாணி விழுந்ததும் பால்போல் கலங்கியது. பழுதில்லை. மதுசாரம் குறையக் குறையத் தோல் எண்ணெய் கரையாமல் பிரிந்து நிற்கும். காப்பி வடிதாளில் வடித்தால் தெளிவோடு மணமும் கொஞ்சம் போகும், அதனால் அப்படியே விட்டேன்.

தென்னஞ்சாராயத்திலும் போட்டுப் பார்த்தேன். அதன் வாசம் தோடம்பழத்தை அமுக்கிவிடுகிறது. இஞ்சி, கறுவாவுக்குத்தான் அது பொருத்தம்.

பதிலுக்குப் பாமசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பாவிக்கச் சொன்னவருக்கு: வேண்டவே வேண்டாம். அதில் மெதனோல் கலந்திருக்கலாம். கண்ணும் போகும், உயிரும் போகும். வடிகட்டினால் அது பிரியாது. வீட்டில் காய்ச்சி வடிப்பதோ, உரிமம் இல்லாமல் சட்டவிரோதம்.