பாஸ்கோ சீர்திருத்தக்காரரா, புகையிலைக்காரனின் வயிற்றில் அடித்தவரா?

புத்தூரான்:
வணக்கம். பிலிப்பைன்சில் 1778 முதல் 1787 வரை ஸ்பானிய ஆளுநராக இருந்த ஹோசே பாஸ்கோ பற்றி வாசிக்கிறேன். எல்லாரும் பெரிய சீர்திருத்தக்காரர் என்கிறார்கள். 1781ல் விவசாயத்தையும் கைத்தொழிலையும் வளர்க்கச் சங்கம் தொடங்கியிருக்கிறார். பருத்தி, அவுரி, மிளகு, பட்டுப்புழுவுக்கு மல்பெரி எல்லாம் நடச் சொன்னாராம். அதே ஆள் 1782ல் புகையிலையை அரசின் ஏகபோகமாக்கினார். எங்கள் வீட்டிலும் தலைமுறையாகப் புகையிலைத் தோட்டம்தான். அங்கத்தைய தோட்டக்காரனுக்கு இவரால் என்ன கிடைத்தது?

வடமராட்சி வாசகி:
அவர் கடற்படைக்காரர். அவருக்கு முன்னர் மணிலா சீனப் பட்டுத்துணியை மெக்சிக்கோவுக்குக் கப்பலேற்றி வெள்ளி வாங்கியே பிழைத்தது. மண்ணை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இவர் பார்த்தார். மணிலாவின் மேல்நீதிமன்றத்தார் அவரோடு மல்லுக்கும் நின்றார்கள்.

கொட்டில் அண்ணை:
தம்பி, நானும் புகையிலை செய்தவன்தான். அந்த ஏகபோகத்தில், பிலிப்பைன்சின் வடக்கே உள்ள ககயான் போல அரசு குறித்த பகுதிகளில் மட்டுமே நடலாம். இத்தனை கன்று என்று அளவு, குறைந்தால் தண்டம். விளைந்ததெல்லாம் அரசுக்கே, அரசு சொன்ன விலைக்கே. தன் இலையில் ஒன்றைத் தானே சுருட்டிப் பற்றவைத்தாலும் குற்றம். சோதனைக்காரர் வீடு புகுந்து தேடுவார்கள்.

நாங்கள் பக்கத் துளிரான கெட்டு முறித்து, குடிலில் பொச்சு (தேங்காய் மட்டை) மூட்டிப் புகை போட்டு, இலை பதப்படப் பாடம் அடுக்கி வைப்போம். வியாபாரி வந்து நடுவிலிருந்து ஓர் இலையை உருவி, மூக்கில் வைத்து, முகத்தைச் சுளித்து விலையைக் குறைப்பான். ‘வேண்டாம், போ’ என்பேன். பின்னேரம் இன்னொருவன் வருவான். ககயான்காரனுக்கு அந்த இன்னொருவன் இல்லை. கஜானாவுக்குச் சீர்திருத்தம், சரி. தோட்டக்காரனுக்கு என்ன?

வடமராட்சி வாசகி:
அண்ணை, கஜானா மெக்சிக்கோவிலிருந்து வரும் மானியத்தை நம்பிக் கிடந்ததையும் பாருங்கள். 1762ல் ஆங்கிலேயர் மணிலாவையே பிடித்தார்கள். சொந்த வருமானம் தேட வேண்டிய நிலை. புகையிலைக்குப் பணம் தராமல் கடன் சீட்டுக் கொடுத்து இழுத்தடித்தது பிந்திய நூற்றாண்டில்; அதைப் பாஸ்கோ தலையில் கட்டக்கூடாது.

கொட்டில் அண்ணை:
சீட்டை அவர் தலையில் கட்டவில்லை, பிள்ளை. ஆனால் வாங்க ஒருவனே என்று ஆன பிறகு, அவன் காசு தந்தாலென்ன, சீட்டுத் தந்தாலென்ன, வாங்கித்தானே ஆகவேண்டும்? 1882 வரைக்கும் அந்த ஏகபோகம் கிடந்தது.

தம்பி புத்தூரான், திருவிதாங்கூரிலும் புகையிலை அரசின் ஏகபோகமாக இருந்ததே, எங்கள் யாழ்ப்பாணச் சரக்கும் அங்கே போனதே. உங்கள் பாட்டனார் காலத்துப் பற்றுச்சீட்டு ஏதும் வீட்டில் கிடந்தால் விலையைப் பார்த்துச் சொல்லுங்கோ.