இஸ்வாரா காடி: ஜேக் வைத்த இடம் உள்ளே போய்விட்டது, தார் அடித்தால் போதுமா?

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்:
வணக்கம். அப்பா வைத்திருந்த காடி (கார்), 1996 புரோட்டோன் இஸ்வாரா. வெளியே பெயின்ட் இன்னும் பளபளப்புதான். போன வாரம் டயர் மாற்ற ஜேக் வைத்தேன், முன் கதவுக்குக் கீழே இருக்கும் நீளச் சட்டம் ‘கரக்’ என்று அமுங்கிவிட்டது. மழை பெய்தால் டிரைவர் பக்கக் கார்ப்பெட் ஈரமாகிறது, ஊறிய துணி வாடை. ஒரு பட்டறையில் அடியில் கருப்புத் தார் அடித்தால் போதும் என்கிறார்கள். அடிக்கலாமா?

கெத்தோக் அண்ணன்:
அடிக்காதே தம்பி. துருவின் மேல் தார் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதலில் எவ்வளவு போயிருக்கிறது என்று பார். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போ. நல்ல தகடு ‘டங்’ என்னும், செத்த தகடு ‘டொப்’ என்னும். காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பார், ஒட்டாவிட்டால் அங்கே யாரோ ஓட்டையை மறைக்கப் புட்டிப் பசை பூசியிருக்கிறார்கள். பின் சக்கர வளைவின் உள்மடிப்பு, ஸ்பேர் டயர் குழி, கதவின் அடி இதெல்லாம் முக்கியம். கதவடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பியால் குத்து. தோட்டத்துக் காடி என்றால் செம்மண் அடைத்திருக்கும்.

காஞ்சில் அக்கா:
பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் உரம் ஏற்றுவீர்களா? பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. உப்பு மாதிரி ஈரத்தை இழுத்துத் தகட்டைத் தின்னும்.

செம்பனைக்காரன்:
அப்பா ஏற்றுவார் அக்கா! ஸ்பேர் டயரைத் தூக்கினால் குழியில் இளஞ்சிவப்புத் தூள், விரல் நுழையும் ஓட்டை. கார்ப்பெட் ஈரம் மட்டும் எங்கிருந்து என்று புரியவில்லை.

கெத்தோக் அண்ணன்:
ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். நீ ஹோஸை மெதுவாகத் திறந்து கீழிருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து வா. மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எந்த ஓட்டை என்றே தெரியாது. ஒழுக்கை அடைத்த பிறகுதான் வெல்டிங்.

அப்புறம், துருவைச் சுற்றிப் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை வெட்டச் சொல். ஒட்டுத் தகட்டை ஒரே இழுப்பாக ஓட்டாமல், இடம் மாற்றி மாற்றி வெல்டிங் புள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டில் நெளியும். பேட்டரி வயர், கார்ப்பெட் இரண்டையும் கழற்றிவிடு. பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் நெருப்பு வைக்கக் கூடாது. முடிந்ததும் ஜிங்க் பிரைமர், இணைப்பில் சீலர், சட்டத்தின் உள்ளே மெழுகு ஸ்ப்ரே. குழியை மட்டும் முதலில் தண்ணீர் விட்டு உரம் போகக் கழுவிக் காயவை.

செம்பனைக்காரன்:
கண்ணாடி ரப்பரின் கீழ்மூலையில்தான் ஒழுகுகிறது, அண்ணே. கார்ப்பெட் வெளியே காய்கிறது. மிளகாய் காயப்போட இடமில்லை என்று அம்மா திட்டுகிறார். அதுவரை ஜேக் எங்கே வைப்பது?

கெத்தோக் அண்ணன்:
அந்தச் சட்டத்தில் வேண்டவே வேண்டாம். முன்பக்கம் குறுக்கே ஓடும் கனமான இரும்பில் வை. ஜேக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, காடியைத் தாங்கும் ஸ்டாண்ட் வைத்துக்கொள்.