முன்தளர்ப்பு, முன்தணிப்பு, முன்னடக்கம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கோத்தகிரியில் ஒரு மருத்துவமனைக்காக, பொது மயக்க மருந்து பெறுவோரிடம் கையொப்பம் வாங்கும் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கி வருகிறேன். சக்சினைல்கோலின் என்ற மருந்து பற்றிய பத்தியில், மூன்று சொற்களுக்குத் தமிழ் தேடிப் பேனா நின்றுவிட்டது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் இம்மருந்து, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் வேலை செய்து, சில நிமிடங்களில் விலகிவிடும். ஆனால் தளர்த்துவதற்கு முன் அது தசையை ஒரு முறை தூண்டிவிடுகிறது. அப்போது தோலுக்கடியில் தசைநார்க் கற்றைகள் ஆங்காங்கே நெளிந்து துடிப்பதைக் கண்ணாலேயே காணலாம்.

இதற்கு ‘நடுக்கம்’ என்று முந்தைய மடலில் ஒருவர் எழுதியிருந்தார். சமவெளியில் அது பொருந்தலாம். ஆனால் மார்கழி உறைபனியில் நடுங்கி வளர்ந்த எங்கள் ஊராருக்கு நடுக்கம் என்றால் குளிர்தான். மயக்கம் தெளியும்போது உடல் உதறுவதும் தனியொரு விளைவாகப் படிவத்தில் இருப்பதால், அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிட வேண்டும். ‘கண் துடிக்கிறது, சதை துடிக்கிறது’ என்று எல்லோரும் சொல்வதால், நோயாளிக்குச் ‘சதைத் துடிப்பு’ என்றும் மருத்துவ நூலுக்குக் ‘கற்றைத் துடிப்பு’ என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ கழுத்திலும் தோளிலும் முதுகிலும் அடித்துப்போட்டாற்போல வலிப்பதைத் ‘துடிப்புவலி’ என்பது எனக்கு உடன்பாடில்லை. துடிப்பு மிகுந்தவருக்கு வலியும் மிகும் என்று சொல்ல முடியாது. துடிப்பு அதிகம் தெரியாதவருக்கும் வலி வருகிறது. காரணம் முழுதும் தெளியாத ஒன்றுக்குப் பெயரிலேயே காரணம் கற்பிப்பானேன்? ‘மருந்துவழித் தசைவலி’ போதும். அன்றே எழுந்து நடமாடுவோரிடம் இது மிகுதி என்பதால், இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், கொழுந்து பறிக்கத் திரும்பும் பெண், ‘அறுத்தது காலில், வலிப்பது கழுத்திலா?’ என்று கேட்கத்தான் செய்வார்.

என் உண்மையான சிக்கல் மூன்றாவது சொல். துடிப்பைக் குறைக்க, ரோக்குரோனியம் போன்ற வேறு வகைத் தளர்த்தி ஒன்றை, வழக்கமான அளவில் 10 விழுக்காட்டுக்கு மேற்படாமல், சில நிமிடங்கள் முன்னதாகக் கொடுப்பதுண்டு. ஆங்கிலத்தில் ‘ப்ரீகுராரைசேஷன்’ எனப்படும் இம்முறை, தென் அமெரிக்க அம்பு நஞ்சான குராரேயின் பெயரை இன்றும் சுமக்கிறது. அந்தச் சுமை தமிழுக்கு வேண்டாம். ‘முன்தளர்ப்பு’ என்பது இலக்கணப்படி சரியான சொல்லாயினும் பொருளில் தவறானது. ஏனெனில் இந்தச் சிற்றளவின் நோக்கம் தளர்த்துவதன்று. விழித்திருக்கும் நோயாளிக்கு இமை கனத்து, பார்வை மங்கி, விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமாகிவிட்டால் அதுவே பக்கவிளைவு. பெயரைப் படிக்கும் செவிலியர் அத்தளர்ச்சியை எதிர்பார்த்த பலன் என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே ‘முன்தணிப்பு’ என்று முன்மொழிகிறேன்.

~

குன்னூரிலிருந்து மறுமொழி:

ஐயா, ‘தணிப்பு’ ஏற்கெனவே தீராநோயாளிகளுக்கான நோய்த்தணிப்புச் சிகிச்சையில் வழங்குகிறது, குழப்பம் வரும். ‘முன்னடக்கம்’ என்றால் என்ன? தவிர, சிரைவழி செலுத்தும் லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தும், முன்னரே கொடுக்கும் வலிநிவாரணிகளும் இத்தசைவலியைக் குறைக்கின்றனவே. அவற்றையும் இச்சொல் தழுவுமா?

~

அம்மா, இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. தழுவக் கூடாது, அவை வலியைக் குறைப்பவை என்று வாக்கியமாகவே எழுதிவிடலாம், எல்லாவற்றுக்கும் கலைச்சொல் தேவையில்லை. முதலாவதற்கு ஒன்றே சொல்வேன்: அறுவை அரங்குக்குள் போகுமுன் கையொப்பமிடும் தாளில் ‘அடக்கம்’ என்ற சொல்லைப் பார்த்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். குழப்பம் நீங்க, ‘துடிப்பு முன்தணிப்பு’ என்று இணைத்தே எழுதுகிறேன், படிவத்தில் அவ்வரி இப்போது இப்படி நிற்கிறது: ‘சதைத் துடிப்பைக் குறைக்கச் சிறிதளவு மருந்து முதலில் தரப்படும், இமை கனத்தாலோ விழுங்கச் சிரமமாக இருந்தாலோ உடனே சொல்லுங்கள்.’