‘ஸ்மெல்ஸ் குட்’: குட் ஏன் வினையடை இல்லை? உதவி தேவை

பட்டர்வொர்த் அம்மா:
வணக்கம். மகள் ஐந்தாம் ஆண்டு. ஆங்கிலப் பயிற்சியில் கோடிட்ட சொல் எந்த வகை என்று எழுத வேண்டும். மூன்று தவறு.
‘தி லக்சா ஸ்மெல்ஸ் குட்’ (லக்சா என்ற நூடுல்ஸ் உணவு நன்றாக மணக்கிறது): குட், வினையடை என்று எழுதினாள்.
‘எ ஃப்ரெண்ட்லி கேர்ள்’: ஃப்ரெண்ட்லி, இதுவும் வினையடை.
‘வி வாக்ட் ரவுண்ட் தி பாடாங்’ (திடலைச் சுற்றி நடந்தோம்): ரவுண்ட், பெயரடை.
தமிழில் பொருள் பார்த்துத்தான் எழுதுகிறாள். ‘நன்றாக மணக்கிறது’ என்றால் வினையடைதானே?

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் சார்:
அம்மா, தமிழில் அது வினையடைதான். ஆங்கிலத்தில் இல்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வழுக்கும் இடம் இது. ‘ஆன’ வந்தால் பெயரடை, ‘ஆக’ வந்தால் வினையடை என்ற கணக்கு பல இடங்களில் சரியாக வரும். ஆனால் ஸ்மெல், டேஸ்ட், லுக், சவுண்ட், ஃபீல் ஆகிய ஐந்து வினைகளுக்குப் பின்னால் கைவிட்டுவிடும்.

அங்கே வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘தி லக்சா இஸ் குட்’ பொருந்துகிறது. ஆகவே குட் லக்சாவைப் பற்றிய சொல், பெயரடை. ‘ஷி டேஸ்டட் தி சூப் குயிக்லி’ என்பதில் ‘ஷி இஸ் குயிக்லி’ நிற்காது. குயிக்லி அவள் சுவைத்த விதத்தைச் சொல்கிறது, வினையடை.

ஐந்து வினைகளையும் மனப்பாடம் செய்து நிறுத்திவிடக் கூடாது. ‘ஸ்மெல்ஸ் ஸ்ட்ராங்’ பெயரடை, ‘ஸ்மெல்ஸ் ஸ்ட்ராங்லி ஆஃப் பிளாச்சான்’ (இறால் விழுது வாடை பலமாக வீசுகிறது) வினையடை. ஒவ்வொரு முறையும் ‘இஸ்’ போட்டே பார்க்க வேண்டும்.

‘லி’ விஷயம் எளிது. வாலை வெட்டுங்கள். மிஞ்சுவது ஸ்லோ, குயிக் போன்ற பெயரடை என்றால் முழுச்சொல் பெரும்பாலும் வினையடை. ஃப்ரெண்ட், காஸ்ட் போன்ற பெயர்ச்சொல் மிஞ்சினால் முழுச்சொல் பெரும்பாலும் பெயரடை.

பாயான் லெப்பாஸ் டீச்சர்:
சார் சொன்னதோடு ரவுண்டையும் பார்த்துவிடலாம். ‘ரவுண்ட் என்றால் வட்டமான’ என்று தனிச்சொல்லாகப் படித்ததால் வந்த பிழை அது. வாக்கியத்துக்கு வெளியே ரவுண்டுக்கு வகையே சொல்ல முடியாது.
‘எ ரவுண்ட் டேபிள்’: பெயரடை.
‘தி ஃபர்ஸ்ட் ரவுண்ட்’: பெயர்ச்சொல். ‘டூ ரவுண்ட்ஸ்’ என்று பன்மையாகும்.
‘தி கார் ரவுண்டட் தி கார்னர்’: வினைச்சொல். இறந்தகால ‘எட்’ ஏறியிருக்கிறது.
‘டர்ன் ரவுண்ட்’: வினையடை.
‘ரவுண்ட் தி பாடாங்’: ப்ரிபொசிஷன், அதாவது முன்னிடைச்சொல். பின்னாலேயே ‘தி பாடாங்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.
கோடிட்ட சொல்லுக்கு முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல், இரண்டையும் விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் அம்மா:
நன்றி சார், நன்றி டீச்சர். அப்படியானால் ‘ஸ்கூல் பஸ்’ என்பதில் ஸ்கூல் பெயரடையா?

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் சார்:
பெயர்ச்சொல். ‘வெரி ஸ்கூல்’, ‘தி பஸ் இஸ் ஸ்கூல்’ இரண்டுமே வராது. மலாயில் ‘பஸ் செக்கோலா’ என்று அடை பின்னால் போகும், ஆங்கிலத்தில் முன்னால் வரும். முன்னால் வந்துவிட்டதாலேயே பெயரடை ஆகிவிடாது. ஆனால் பழைய பயிற்சி நூல்கள் சிலவற்றில் இதைப் பெயரடை என்றே போட்டிருப்பார்கள். மகளின் வகுப்பு டீச்சர் எதை ஏற்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் அம்மா.