புதுப்பிப்பு: பின் ஸ்பிரிங் மாற்றியாகிவிட்டது

காரின் பின்பக்க காயில் ஸ்பிரிங் (சுருள் வில்) உடைந்து, பள்ளத்தில் இறங்கினாலே ‘டங்’ என்கிறது, வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டிருந்தேன். மாற்றியாச்சு. உடைந்தது கடைசிச் சுற்று. துண்டு ரப்பர் இருக்கையிலேயே கிடந்தது, முறிந்த முகம் முழுக்கத் துரு.

இந்தக் காரில் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி என்பதால், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் தேவைப்படவில்லை. காரை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சுக்கு ஜாக் கொடுத்து, இரு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடுகிறது. பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய்க் குழாய்) இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த போல்ட்தான் பாடாய்ப் படுத்தியது. துருவை இளக்கும் எண்ணெயில் ஊறிய பிறகே அசைந்தது.

ஜோடியாகவே மாற்றினேன். போல்ட்டின் கடைசி இறுக்கு மட்டும் கார் தரையில் நின்ற பிறகு. அச்சு தொங்கும்போது இறுக்கினால் புஷ் (போல்ட் நுழையும் ரப்பர் உறை) முறுக்கிக்கொள்ளும். அப்புறம், சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது.