தேவகோட்டையிலிருந்து கிட்டத்துல, புள்ளைங்களோட நடக்குற மாதிரி பழைய காடு இருக்கா?

தேவகோட்டை மருமகள்:

அரையாண்டு லீவுக்கு மாமியார் வீட்டுக்கு வர்றோம். பெரியவனுக்கு ஒன்பது வயசு, சின்னவளுக்கு அஞ்சு. பெரிய வீடு, ஆத்தங்குடிக் கல்லு, பிள்ளையார்பட்டி எல்லாம் வருஷா வருஷம் சுத்தியாச்சு. "இன்னொரு தேக்குத் தூணைக் காட்டுனீங்கன்னா நான் கார்லயே இருந்துக்குவேன்"னு பெரியவன் இப்பவே சொல்லிட்டான்.

தாம்பரத்துல மூணாவது மாடியில வளர்ற புள்ளைங்க. மண்ணுல நடக்கணும், வயசான மரத்தடியில நிக்கணும், அவ்வளவுதான் என் ஆசை. கொடைக்கானல், ஏற்காடெல்லாம் சொல்லாதீங்க. காலையில கிளம்புனா மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருக்கணும். அயித்தையும் வருவேங்கிறாங்க, அவங்களுக்கு முழங்கால் வலி. நம்ம பக்கம் வறண்ட சீமையாச்சே, காடுன்னு ஏதாவது மிச்சம் இருக்கா?

பறம்புக்காரன்:

பிறான்மலைக்கு வாங்க அக்கா. திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியா வரணும். பாரியோட பறம்புமலைன்னு சொல்றது இதைத்தான். அடிவாரத்துல கொடுங்குன்றநாதர் கோயில், சம்பந்தர் பாடுன தலம். மலை மேல தர்கா இருக்கு. மூங்கில் நெல்லு, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேனுன்னு உழாமலே நாலு விளைச்சல் தர்ற மலைன்னு கபிலர் பாடிட்டுப் போனாரு. இப்ப போய் அதைத் தேடாதீங்க.

உச்சிக்கு ஏற நல்லா நடக்குற ஆளுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். பாறை வழி, பாதி தூரம் நிழல் கிடையாது. பெரியவன் ஏறிருவான். சின்னவளை யாராவது தோள்ல வச்சுக்கணும். அயித்தை கீழ கோயில்ல உக்காந்திருக்கட்டும்.

கானாடுகாத்தான் ஆச்சி:

தம்பி சொல்றது நல்ல மலைதான். ஆனா அந்தப் பொண்ணு மலையா கேட்டுச்சு? வயசான மரமில்ல கேட்டுச்சு. அஞ்சு வயசுப் புள்ளையைத் தோள்ல தூக்கிட்டுப் பாறை ஏறுறதுக்குப் பேரு நடைப்பயணமா, நேர்த்திக்கடனா?

நம்ம பக்கத்துப் பழைய காடு மலை மேல இல்லம்மா, அய்யனார் கோயிலைச் சுத்தி இருக்கு. கார்ல போறப்ப ரெண்டு பக்கமும் பொட்டல், சீமைக்கருவேல், தைல மரம்னு ஓடிக்கிட்டே இருக்கும். திடீர்னு ஒரு இடத்துல மட்டும் கரும்பச்சையா திரண்டு நிக்கும். அதுதான். சில ஊர்ல ரெண்டு ஏக்கர், சில ஊர்ல அதைவிடப் பெருசு. சாமி காடும்பாங்க, கோயில் காடும்பாங்க.

வனத்துறைக்காரங்க இதுக்கு வச்சிருக்கிற பேரு உலர் பசுமைமாறாக் காடு. விசாகப்பட்டினத்துல இருந்து நம்ம ராமநாதபுரம் வரைக்கும் கடலோரச் சீமையில இருந்த காடு இது. விறகுக்கும் சூளைக்கும் வெட்டுனது போக, வயலாக்குனது போக, இப்ப அங்கங்க துண்டு துண்டா நிக்குது. மிஞ்சுனதுல பாதிக்கு மேல சாமிக்குப் பயந்து விட்டதாத்தான் இருக்கும்னு நான் சொல்லுவேன். தைலமரத் தோப்புல வண்டியை நிறுத்தி, இதுதான் காடுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிடாதே.

உயரத்தை எதிர்பார்த்துப் போனா ஏமாந்துருவே. முப்பது, நாப்பது அடிக்கு மேல மரம் போகாது. வீரை, பாலை, காசான், நாவல், உசிலை எல்லாம் நெருக்கி நிக்கும். வீரை மரம் ரொம்ப மெதுவா வளர்ற சாதி. தண்டெல்லாம் முடிச்சு முடிச்சா, பள்ளமும் மேடுமா முறுக்கிக்கிட்டு இருக்கும். எங்க ஐயா காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இன்னிக்கும் எங்க ஊருக் காட்டு வீரை நிக்குதுன்னு எங்க அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். எனக்கும் இத்தனை வருஷத்துல அது பருத்த மாதிரி தெரியல.

நம்ம மழை ஐப்பசி, கார்த்திகையில கொட்டிட்டுப் போயிரும். அப்புறம் மாசக்கணக்குல காய்ச்சல்தான். மத்த காடு இலையைக் கொட்டிட்டுத் தப்பிக்கும். இது கொட்டாது. கீழ கிடக்குற இலை ஒண்ணை எடுத்து மகன் கையில குடு. சின்னதா, தடிப்பா, மேல மெழுகு பூசுனாப்புல இருக்கும். ஈரத்தை வெளிய விடாம வச்சுக்கிறதுக்குத்தான் அந்தத் தடிப்பு. மரத்துல இருந்து பறிக்கக் கூடாது, சாமி காட்டுல சுள்ளி கூட ஒடிக்க மாட்டாங்க. கீழ கிடக்குறதைப் பார்க்கலாம், பார்த்துட்டு அங்கேயே போட்டுறணும்.

எந்த ஊருன்னு கேப்பே. அரிமளம் பக்கம், ஆலங்குடி, அறந்தாங்கி பக்கமெல்லாம் நல்ல காடுக இருக்கு. கோயில் பேரை இங்க எழுத மாட்டேன். எழுதுனா அடுத்த ஞாயித்துக்கிழமை ட்ரோனும் பிரியாணிப் பொட்டலமுமா ஒரு கூட்டம் வந்து நிக்கும். அந்தந்த ஊரு டீக்கடையில "சாமி காடு எங்கிட்டு இருக்கு"ன்னு கேளு, கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. பூசாரி பெரும்பாலும் வேளாரா, மண் குதிரை செய்யுற குயவரா இருப்பாரு. அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போறதுதான் முறை.

சில காட்டுல ஒரு எல்லைக்கு அங்கிட்டு பொம்பளைங்க போகக் கூடாதும்பாங்க. அதையும் முன்னாடியே கேட்டுக்கோ. அந்தச் சண்டையைப் போடணும்னா நானும் கூட வர்றேன், ஆனா புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போற அன்னிக்கு வேணாம்.

புள்ளைங்களுக்கு என்ன இருக்கும்னு நினைப்பே. புரவி எடுப்புல, அதான் அய்யனாருக்கு மண் குதிரை செஞ்சு கொண்டு போற திருவிழாவுல, வச்ச மண் குதிரைக வரிசையா நிக்கும். புதுசு முன்னாடி, பழசு பின்னாடி. இன்னும் பின்னாடி போனா காலு உடைஞ்சு, மூஞ்சி மழுங்கி, வேரு ஏறிக் கிடக்கும். குதிரை வயித்து ஓட்டைக்குள்ள மட்டும் கையை விடக் கூடாது, புத்துக்கிட்ட போகக் கூடாது. ரெண்டுலயும் பாம்பு குடியிருக்கும். இதைக் கார்லயே சொல்லிரு.

எங்க பேரன் ஒருத்தன் செல்லு இல்லாம அஞ்சு நிமிஷம் உக்கார மாட்டான். அவன் எங்க ஊருக் காட்டுல முசுறு கூடு கட்டுறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல. செவப்பு எறும்பு, கடிச்சா உயிரு போகும், அதனால ரெண்டடி தள்ளித்தான் உக்கார வச்சேன். ரெண்டு இலைக்கு நடுவுல விரல் அகலத்துக்கு இடைவெளி. ஒரு எறும்பு இந்த இலையைக் கால்ல பிடிச்சுக்கிட்டு அந்த இலை ஓரத்தைக் கடிக்கப் பாக்குது, எட்டல. இன்னொண்ணு வந்து அது இடுப்பைக் கடிச்சுப் பிடிக்குது, அதை இன்னொண்ணு. அப்படியே சங்கிலியா கோத்து, இழுத்து இழுத்து ரெண்டு இலையையும் ஒட்ட வச்சுருச்சுக. அப்புறம் வேற சில எறும்பு வெள்ளைப் புழு மாதிரி எதையோ வாயில கவ்விட்டு வந்து, ஓரத்துல இங்கிட்டும் அங்கிட்டுமா தேய்க்குது. அது அதுக குஞ்சு. குஞ்சு வாயில இருந்து வர்ற நூலுதான் பசை. "ஆயா, பாப்பாவை வச்சுத் தைக்குதுக"ன்னு கத்துனான் பாரு, வேளாரே ஓடி வந்துட்டாரு.

நீங்க வர்ற மாசத்துல ஆறுமணிக் குருவி இருக்கும். வடக்க இருந்து பனிக்காலத்துக்கு வர்ற பறவை. பச்சை முதுகு, வாலுக்கு அடியில செவப்பு. தரையில சருகைப் புரட்டிக்கிட்டே திரியும். விடிகாலையிலயும் பொழுது சாயுறப்பவும் ரெண்டு சீட்டியா கூப்பிடும். பார்க்குறது கஷ்டம், கேக்குறது சுலபம். பாலைப்பழம் கோடையிலதான், மார்கழியில கிடைக்காது. கிடைச்சாலும் நாலைஞ்சுக்கு மேல தின்னா பாலு ஒட்டி உதடு ரெண்டும் பிரியாது.

ஏழு மணிக்குள்ள அங்க இருக்கணும். செருப்பை வெளிய விடணும், உள்ள காரை முள்ளு கிடக்கும். தடிச்ச சாக்ஸ் போட்டுக்கலாமான்னு பூசாரியைக் கேளு, எங்க ஊருல விடுவாங்க. தூரம் நடக்கணும்னு அவசரப்படாதே, அஞ்சு வயசுக்கு ரெண்டு மணி நேரத்துல முன்னூறு அடி போதும். சீப்புச் சீடையும் தண்ணியும் தூக்குல எடுத்துக்கோ. தின்னுறது காட்டுக்கு வெளிய, கண்மாய்க் கரையில.

ஓய்வுபெற்ற ஃபாரஸ்ட் கார்டு:

ஆச்சி சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். கோயில் காடு வேறு, வனத்துறை காக்கும் காப்புக்காடு வேறு. காப்புக்காடு என்று பலகை இருந்தால் அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள், வழி நன்றாகத் தெரிந்தாலும் கூட. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களும் விடுமுறைக்கு நடக்கப் போனவர்கள்தான். 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்ற வழிகளை இணையப் பதிவோடு திறந்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் அதில் எளிதான ஒன்றைப் பாருங்கள்.

மாமியாருக்கு ஏற்றது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகும் சாலையில், கொள்ளுக்குடிப்பட்டியில் இருக்கிறது. 1977இல் அறிவித்தது, 38.4 ஹெக்டேர், மூன்று கண்மாய்கள். காடு இல்லைதான். ஆனால் கரை மேல் சமதளமாக நடக்கலாம், நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன் எல்லாம் கருவேல மரங்களில் கூடு கட்டியிருப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். பறவைகள் கலையக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் பல தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. மழை சரியாகப் பெய்து கண்மாயில் தண்ணீர் இருந்தால்தான் பறவை இருக்கும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் முழுக்க ஒதுக்க முடிந்தால் நத்தம் தாண்டி, அழகர்மலை ஓரத்தில் காசம்பட்டி வீர கோயில் காடு. 4.97 ஹெக்டேர்தான். 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து தமிழ்நாட்டில் இரண்டாவது. அரிட்டாபட்டியும் பார்க்க வேண்டிய இடம், ஆனால் மொட்டைப் பாறை. வெயில் ஏறினால் பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள்.

தேவகோட்டை மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. ஆச்சி எழுதுனதை அயித்தைக்கு போன்ல வாசிச்சுக் காட்டுனேன். அவங்க பிறந்த ஊர்லயே அப்படி ஒரு காடு இருக்காம்! புரவி எடுப்புக்கு வாசல் வரைக்கும் போனதோட சரி, உள்ள நடந்ததே இல்லையாம். வேளார் வீட்டுக்கு அப்பவே போன் போட்டுட்டாங்க. வேட்டங்குடி மறுநாள் சாயங்காலத்துக்கு. ஒரே ஒரு கவலை: பூச்சி, உண்ணி ஏதாவது கடிச்சு வச்சா?

கானாடுகாத்தான் ஆச்சி:

ஆடு மேயுற காடா இருந்தா உண்ணி இருக்கத்தான் செய்யும். முழுக்கால் சட்டை போட்டு விடு, புல்லுல உக்கார விடாதே, துண்டை விரிச்சுக்கோ. வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணியை வெந்நீர்ல போட்டுட்டு, குளிக்க ஊத்துறப்ப காது மடல் பின்னாடி, அக்குளு, தொடை இடுக்கு எல்லாம் பாரு. அதுக்கப்புறம் ரெண்டு, மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்துச்சுன்னா, இல்ல சிகரெட்டால சுட்டாப்புல கருப்பா ஒரு பொருக்கு எங்கயாவது தெரிஞ்சா, காட்டுக்குப் போய்ட்டு வந்தோம்னு டாக்டர்கிட்ட நீயே முந்திச் சொல்லிரு. பனிக்காலத்துல நம்ம பக்கம் ஸ்கரப் டைபஸ், அதான் கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல், வர்றது உண்டு. சீக்கிரம் கண்டுபிடிச்சா மாத்திரையிலயே போயிரும்.

அயித்தைக்கு மடக்கு நாற்காலி ஒண்ணு கார்ல போட்டுக்கோ. கோயில் வாசல்ல சிமெண்டுத் திண்ணை கட்டியிருப்பாங்க, மார்கழிக் காலையில அது சில்லுனு இருக்கும், முழங்காலுக்கு ஆகாது.